எழுபத்திரண்டாவது நாமம்

– ஏன்னா, இந்த மனுவுல கையெழுத்துப் போடுங்கோ. பேனாவுல மை ஊத்திக் கொண்டு வந்திருக்கேன்.

– பக்கத்தாத்துப் பலராமன் என்னன்னு எழுதியிருக்கான்? முதல்ல படி.

– "உமாமகேஸ்வர குருக்கள், வயது முப்பத்திநாலு, திருவண்ணாமலை. முதுகுக் கூனலை நிமிர்த்த 1963 சித்திரையில் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டார். டாக்டரின் கவனக்குறைவால் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. அந்த டாக்டரை வேலையிலிருந்து நீக்க வேண்டும்."

– ஜாஸ்தி எழுதிட்டான்.

– கம்மின்னு நான் சொல்றேன். படுக்கைப் புண்ணைப் பத்தி ஒரு வரி இல்ல. ரெண்டு மணிக்கொரு தரம் உங்களைப் புரட்டிப் போடறேனே, அது இல்ல.

– தோசையை ஒரு தரம் திருப்பினாப் போறும். நான் அதுக்கும் மேல.

– சிரிக்காதீங்கோ. நேக்கு வயிறு எரியறது. கூனலோடயாவது குளத்துக்கு நடந்து போயிண்டிருந்தேளே.

– நடந்தேன். எட்டு வருஷம் என் காலையே பார்த்துண்டு நடந்தேன். இப்ப ஜன்னல்ல மலை முழுசாத் தெரியறது. கால் எங்க இருக்குன்னுதான் தெரியல.

– அதுக்குத்தான் மனு. பலராமன் வாசல்ல நிக்கறான். இன்னிக்கே தபால்ல சேர்க்கணுமாம்.

– பாகம், டாக்டர் வேணும்னு பண்ணல. முதுகெலும்பெல்லாம் மூங்கில் கழி மாதிரி ஒண்ணா ஒட்டிண்டுடுத்துன்னு எக்ஸ்ரேயைக் காட்டினார். உடைச்சுத்தான் நிமிர்த்தணும், கால் போனாலும் போகலாம்னு முன்னாடியே சொன்னார்.

– போகாம பார்த்துக்கறேன்னும் சொன்னாரே. மயக்க மருந்துகூடக் குடுக்கல. முழிச்சுண்டிருக்கறச்சேயே உடைச்சிருக்கா.

– கழுத்தும் வளையாதே. மயக்கத்துக்கான குழாய் தொண்டையில இறங்காதுன்னுதான் முதுகுக்கு மட்டும் மரத்துப்போற ஊசி போட்டா. பேசிண்டே இருங்கோன்னார். என்ன பேசறதுன்னு கேட்டேன். தெரிஞ்ச மந்திரம் ஏதாவது சொல்லுங்கோன்னார்.

– அர்ச்சனை சொன்னேள். கதவுக்கு வெளியில பெஞ்சுல உக்காந்துண்டு விரல் விட்டு எண்ணினேன். நூத்தெட்டு நாமம், ஒண்ணு தப்பல. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அதையும் மனுவுல சேர்க்கச் சொல்லப்போறேன்.

– வேண்டாம். அதை மட்டும் எழுதாதே.

– ஏன்?

– என் பூஜை முறையைத் தம்பி கைலாசம் கையில குடுத்து எட்டு வருஷம் ஆச்சு. கற்பூரத் தட்டைத் தூக்கிக் காட்ட முடியல, நிமிர்ந்து சாமியைப் பார்க்க முடியல. அதுக்கப்புறம் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் அர்ச்சனை அதுதான். குப்புறப் படுத்துண்டு சொன்னேன்.

– தெரியும். கேட்டு அழுதேன்.

– எதுக்குச் சொல்லச் சொன்னார்னு நோக்குத் தெரியாது. எலும்பை நிமிர்த்தறச்சே கால் மரத்தா, அந்த நிமிஷமே மந்திரத்தை நிறுத்துங்கோ, நானும் கையை எடுத்துடறேன், கால் பிழைச்சுடும்னார்.

– நீங்க நிறுத்தவே இல்லையே.

– இல்ல.

– அப்ப கால் மரக்கவே இல்ல. அப்புறம்தான் என்னமோ பண்ணிக் கெடுத்திருக்கா.

– அவரும் அதைத்தான் கேட்டார். நீங்க நிறுத்தவே இல்லையே சாமின்னு மூணு நாள் வந்து வந்து கேட்டார். நான் கண்ணை மூடிண்டுட்டேன். பேப்பரை மடிச்சு வை, பாகம்.

– ஏன்னா?

– எழுபத்திரண்டாவது நாமத்துல ரெண்டு காலும் போயிடுத்து. ஐஸ் ஜலத்துல இறங்கினாப்பல இருந்தது. அப்புறம் அதுவும் இல்ல.

– தெரிஞ்சுண்டேவா சொல்லிண்டிருந்தேள்?

– அர்ச்சனையைப் பாதியில விட்டு நேக்குப் பழக்கமில்லையே. இன்னும் முப்பத்தாறு நாமம் இருந்தது.