கட்டிலைத் தானம் செய்த நாள்

வீட்டில் வேண்டாத சாமானை வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. பர்மாவில், தாமுவே வட்டாரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி, அதாவது டாவ் அம்சவேணி அம்மாவைப் பற்றி, இதைத்தான் சொல்வார்கள். ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் பெரிய சாமான்களைக் கழிக்கும் நாளை நடத்துவது நான்தான். ஓட்டைச் சோபா, நின்றுபோன ஃப்ரிட்ஜ், கரையான் அரித்த கதவு எல்லாவற்றையும் மாடியிலிருந்து கயிறு கட்டித் தெருவில் இறக்குவார்கள். எங்கள் மாடிப்படி அவ்வளவு குறுகல்.

உடைந்தது குப்பை லாரிக்கு. உருப்படியானது புத்த மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு. கொடுத்தவர் பெயரை நான் மைக்கில் சொல்வேன். தெருவே கைகூப்பி, "தாது, தாது, தாது", நல்லது நல்லது என்று மூன்று தடவை வாழ்த்தும். அதற்குப் பிறகு அந்தப் பொருள் மடத்துடையது. அதைத் திருப்பிக் கேட்கிற ஆள் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

இந்த வருஷம் நாள் குறிப்பதில் சின்ன மாற்றம் செய்தேன். என் மகன் மோகனும் மருமகள் ரேவதியும் க்யிம்யிண்டைங்கில் வாடகைக்கு வீடு பார்த்திருந்தார்கள். தனிக்குடித்தனமாம். ஆற்றுக்காற்று வருமாம், என்னவோ என் வீட்டில் மூச்சு முட்டுகிற மாதிரி. அவர்கள் போகவிருந்த ஞாயிற்றுக்கிழமையையே கழிவு நாள் என்று அறிவித்தேன். ஞாயிறு எல்லோருக்கும் லீவு, சௌகரியமான நாள்.

கழிவு நாளன்று தெருவுக்குள் வேறு வண்டி வரக் கூடாது என்பது விதி. அந்த விதியை அதற்கு முந்தின வாரம்தான் போட்டேன். ஆகவே அவர்கள் பிடித்திருந்த வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. மோகன் வண்டிக்காரரிடம் பேசப் போனான். ரேவதி மேலே பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தேக்குக் கட்டிலும் ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோவும் நடுத்தெருவில் ஊரார் சாமான்களோடு நின்றன. ஃபோன் கடைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவள் ஆசையாக வாங்கியவை. காலையில் இறக்கியதும் அவர்களேதான். நான் விரல்கூட வைக்கவில்லை.

கட்டில் இல்லாமல் யாரும் தனிக்குடித்தனம் போவதில்லை. இது எனக்குத் தெரியும்.

மைக்கை எடுத்து பர்மியத்தில் சொன்னேன்: "மூணாம் மாடி மோகனும் ரேவதியும் மடத்துப் பிள்ளைங்களுக்காகப் புதுக் கட்டிலும் பீரோவும் குடுக்குறாங்க. தாங்க தரையில படுத்தாலும் பரவாயில்லன்னுட்டாங்க."

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை. அந்த நிமிஷம் எனக்கே அவர்கள்மேல் பெருமையாக இருந்தது. தெரு மூன்று தடவை வாழ்த்தியது. மடத்து வண்டியோடு வந்திருந்த பெரிய பிக்கு நிமிர்ந்து பார்த்தார்; பால்கனிக்கு ஓடிவந்த ரேவதியைப் பார்த்து ஆசி சொன்னார்.

இங்கே 'ஆனாடே' என்று ஒரு சொல் உண்டு. மறுத்துப் பேசினால் எதிரில் இருப்பவர் முகம் வாடுமே என்கிற கூச்சம். இந்த மண்ணில் பிறந்த எங்களுக்கும் அது ஊறிப்போனது. நான் அதை நம்பித்தான் இருந்தேன். ரேவதி கத்தவில்லை. சிரித்துக் கும்பிட்டாள். கட்டில் மடத்து வண்டியில் ஏறியது.

மோகன் ஓடிவந்தான். "என்னம்மா இது?"

"புண்ணியம்டா. உள்ள பாய் இருக்கு. இங்கயே படுத்துக்கங்க."

எவ்வளவு நியாயமான பதில். அதற்குள் ரேவதி கீழே வந்து என் பக்கத்தில் நின்றாள். முகத்தில் அதே சிரிப்பு.

"அத்தே, மைக்கக் கொஞ்சம் குடுங்க."

ஊர் பார்க்கிறது. எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

"எங்க அத்தைக்கு மனசு கேக்கல," என்று அவளும் பர்மியத்திலேயே ஆரம்பித்தாள். "நாங்க வெறுங்கையோட போகக் கூடாதுன்னு, அவங்க கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை எல்லாத்தையும் எங்களுக்குக் குடுத்து, தனிக்குடித்தனத்துக்கு வாழ்த்தி அனுப்புறாங்க. இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கெடைக்கும்?"

தாது, தாது, தாது. முதல் தடவையைவிடச் சத்தமாக. கீழ்வீட்டுக் கலா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் காலில் விழுந்தாள். நான் கைகூப்பினேன். வேறென்ன செய்ய? ஆட்கள் மேலே போய்க் கயிறு கட்டிவிட்டார்கள். என் கட்டில் அந்தரத்தில் ஆடி ஆடி இறங்கியது. வண்டியைத் தெருவுக்குள் விடச் சொல்லி பிக்குவே கையசைத்தார். மோகன் ஏறிப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பாயில் படுத்து அழுதேன். அதை மறைப்பானேன்?

ஆக, நாளைக் குறித்தது நான்தான். வண்டியை முனையில் நிறுத்தியதும், மருமகள் சாமானை அவளைக் கேட்காமல் தானம் கொடுத்ததும் நான்தான். ஆனால் மகனைப் பிடித்துவைக்கத்தான் இதெல்லாம் செய்தேன் என்று, விஷயம் தெரிந்த பிறகு கலா சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அது சுத்தப் பொய். நான் யாரையும் பிடித்துவைக்கிறவள் இல்லை.

போன வாரம் க்யிம்யிண்டைங் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல வீடுதான், காற்றும் வருகிறது. ரேவதி டீ போட்டுக் கொடுத்தாள். அந்தத் தெருவில் கழிவு நாள் என்று ஒன்றே கிடையாதாம், பாவம். அந்த வட்டாரப் பெரியவரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். மைக்குக்கு அவர் அலைய வேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.