அட்டை காட்டிய வழியும் ராசாத்தாள் போன வழியும்

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் அவர்களே, சபை மூப்பர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிருபாவே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சகோதரி ராசாத்தாளைச் சென்ற வாரம் அடக்கம் செய்தோம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. காலையில் பேப்பர் படிக்கிறேன். என்ன படித்தேன் என்று கேட்டால் தெரியாது.

இறந்தவர்களைப் பற்றியும் பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்டில் கற்றவள் நான். ராசாத்தாளுக்குப் பாட வராது. பிரசங்கம் செய்யவும் வராது. ஆனால், என் கணவர் மறைந்தபின் பெரியநாயக்கன்பாளையத்து மில் லைன் வீடுகளில் நாங்கள் இருவரும் நடத்திய வெள்ளிக்கிழமை வேத வகுப்பு, அவரால்தான் நிலைத்தது.

இதைச் சொன்னால் நம் சபைச் சகோதரி மாசாணியம்மாள் கோபித்துக்கொள்ள மாட்டார். ஞானஸ்நானத்துக்கு முன் அவர் எதற்கும் கோவிலில் பூக்கேட்பார். பொட்டலத்தில் வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார். சபைக்கு வந்தபின் அந்த இடத்துக்கு, ஆளுக்கொரு வேத வசனம் என்று பெட்டியிலிருந்து எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகள் வந்தன. புருஷனிடம் அடிபட்டு வந்த மகளைத் திருப்பி அனுப்புவதா என்று அட்டை எடுத்தார். திரும்பிப் போ என்பதுபோல ஒரு வசனம் வந்தது. பெட்டியும் கட்டியாயிற்று. அப்போதுதான் ராசாத்தாள் உள்ளே போனார்.

"அங்க பூவுப் பொட்டலம், இங்க வசன அட்டை. சாமிய மாத்திப்போட்டே, நீ மாறலையே அம்மணி. முட்டி போட்டுக் கேளு, புள்ள மூஞ்சியப் பாரு, அப்புறம் முடிவு பண்ணு."

அந்தப் பெண் போகவில்லை. இன்று இந்தக் கூட்டத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பிறகு ராசாத்தாளுக்கே சோதனை வந்தது. வயிற்றில் கட்டி, அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் மருத்துவர். நம்மில் சிலர் அட்டைப் பெட்டியோடு போனோம். சுகம் தருவேன் என்ற வசனம் வந்தது. கத்தி வேண்டாம் என்று கெஞ்சினோம். அவர் சிரித்தார்.

"டாக்டருக்கு ஆண்டவரு புத்தி குடுக்க மாட்டாருன்னு இதுல எங்க கண்ணு போட்டிருக்குது?"

ஜெபித்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

கல்லறை வாசலிலேயே பேச்சு எழுந்தது. அட்டையை நம்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்றார்கள். இனி அந்த வகுப்பு எதற்கு என்றும் கேட்டார்கள். என் காதில் விழுந்தது.

சகோதரிகளே, நான் கேட்கிறேன். நல்லபடியாக முடிந்தால்தான் அது சரியான வழியா? அப்படியானால் நம் ஆண்டவர் சிலுவை காத்திருந்த எருசலேமுக்குப் போனது தவறான வழியா? முடிவு தெரியாமல், ஜெபித்து, யோசித்து, தன் காலால் நடப்பதற்கு விசுவாசம் என்று பெயர் இல்லையா? ராசாத்தாள் அப்படித்தான் நடந்தார். அவர் இறந்ததால் அந்த வழி பொய்யாகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கும் கட்டி இருக்கிறது. ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் தள்ளிப்போட்டு வந்தேன். வரும் புதன்கிழமை அதே மருத்துவமனையில், அதே மருத்துவரிடம் அறுவை சிகிச்சைக்குப் போகிறேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் பரிதாபத்துக்காகவும் இதைச் சொல்லவில்லை. வகுப்பு நிற்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை பாடத்தைக் கிருபா எடுப்பாள், கேட்டேன், சம்மதித்தாள். நான் பிழைத்து வந்தால் அவள் பக்கத்தில் உட்காருவேன். வராவிட்டாலும் அவளே தொடர்ந்து நடத்துவாள்.

வகுப்பு ஐந்து மணிக்கு. நேரத்துக்கு வந்துவிடுங்கள்.