நான்கு தராசுகளும் என் அத்தையும்

நாற்பதாண்டுக் காலம் நாட்டு நிலமெல்லாம் அளந்து முடித்து, இன்று ரப்பர் கூம்புகளை நட்டு எங்கள் ஆணவத்தை அளந்துகொண்டிருக்கும் தலைவர் அவர்களே. முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்து, முகத்தில் அதைக் காட்டாத பெரியோர்களே. வண்டிக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைப் பார்த்தே "சாப்பிட வாங்க" என்று கணவனை அழைத்துப் பழகிய தாய்மார்களே. கிரீஸ் போகாத நகங்களோடு கைதட்டக் காத்திருக்கும் கார்க் கழகத் தோழர்களே. மூன்றாம் வரிசை ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கடிகாரம் பார்க்கும் என் அத்தை அவர்களே! உங்கள் அனைவரின் முன்னும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

தலைவர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "அரைகுறை, மேலே வா" என்றிருந்தால் அரங்கமே திரும்பியிருக்கும். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், உழைத்துச் சம்பாதித்த பெயர் அது. எங்கள் சமையலறை அலமாரிக்கு ஒரு பக்கம்தான் கதவு. மாடிச் சுவருக்குப் பாதிவரைதான் வண்ணம். நீச்சல் கற்றேன், குளத்தின் அக்கரைவரை நீந்துவேன், திரும்பி நடந்து வருவேன். தொடங்குவதில் சூரன், முடிப்பதில் சூனியம். தொழிலில் நான் லிஃப்ட் மெக்கானிக். அங்கே மட்டும் பாதியில் விட்டதில்லை, விட்டால் உள்ளே இருப்பவர்கள் விடமாட்டார்கள்.

அப்படிப்பட்டவன் ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வண்டியைப் பார்த்தேன். பழைய இரும்புக் கடையில், செத்துப்போன சலவை இயந்திரங்களுக்கு நடுவே, முப்பது வயதான இரண்டு இருக்கை விளையாட்டுக் கார். மூடித் திறக்கும் முகப்பு விளக்குகளில் ஒன்று திறந்தும் ஒன்று மூடியும் நின்று, என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. கண்ணடித்தால் போகாமல் இருக்க முடியுமா? என் மனைவி அங்கே அமர்ந்திருப்பதால் இந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லவில்லை.

வண்டியை நிறுத்த இடம் வேண்டுமே! இருந்தது ஒரே கொட்டகை. இருபத்தாறு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற என் மாமியார், அதோ அந்த மூன்றாம் வரிசை அத்தைதான், தையல் வகுப்பு நடத்துவதற்காக ஆசையாய் வைத்திருந்த கொட்டகை. நான் கேட்கவே கூசினேன். அவர் தாமாகவே மூன்று தையல் இயந்திரங்களையும் கூடத்துக்கு மாற்றிவிட்டார். ஆறு ஆண்டுகள் எங்கள் வீட்டில் விருந்தாளிகள் தையல் இயந்திரத்தின் மேல்தான் காபி வைத்தார்கள்.

இந்த விளையாட்டுக்குப் புதிதாய் வந்திருக்கும் தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. இது ஒருவரை ஒருவர் முந்தும் பந்தயமன்று. வெறும் மைதானம், அதில் வரிசை வரிசையாய்க் கூம்புகள், ஒரு நேரத்தில் ஒரே வண்டி. எதிரி யார்? கடிகாரம்! வளைந்து வளைந்து போக வேண்டும், ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி தண்டனை. தலைவர் போடும் பாதையை ஒரு நிமிடத்துக்குள் முடிப்பவரைத்தான் நம் கழகம் ஓட்டுநர் என்று ஒப்புக்கொள்ளும்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் என் மனைவி சாப்பாட்டு மேசையில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "இதையாவது முடிங்க." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆண்டின் கடைசிப் போட்டிக்குள் அந்த வண்டி ஒரு நிமிடத்துக்குள் ஓடாவிட்டால், விற்றுவிட்டுக் கொட்டகையைக் காலி செய்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வண்டி போய்விட்டால், சாகும்வரை நான் அரைகுறைதானே!

கட்டினேன். துருவைச் சுரண்டினேன், தரையை வெட்டி ஒட்டினேன், இயந்திரத்தைக் கழற்றிக் கழுவிக் கோத்தேன். இருக்கையைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினேன். "அத்தை, கொஞ்சம் உட்காருங்க" என்பேன், உட்காருவார். "கிளட்ச் எட்டுதா?" என்பேன், "எட்டுது" என்பார். ஸ்டீயரிங்கை ஓர் அங்குலம் இறக்கினால் கை வலிக்காது என்பார், இறக்குவேன். நான் அடியில் படுத்திருக்க, அவர் மேலே அமர்ந்து துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார். இப்படியே ஆறு ஆண்டுகள்!

பிறகு வந்தது, அவையோரே, என் வாழ்நாளில் நான் கண்ட அதிசயம். வண்டியின் சமநிலை பார்க்க நான்கு சக்கரங்களுக்கடியிலும் நான்கு தராசுகள் வைத்தேன். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருந்தால்தான் கணக்கு வரும், வழக்கம்போல் அத்தை ஏறி அமர்ந்தார். இங்கே ஒரு ஸ்பிரிங்கை அரைச்சுற்று ஏற்றினால், குறுக்கே கோடியில் இருக்கும் சக்கரத்தில் பாரம் கூடுகிறது! முன்வலத்தைத் தொட்டால் பின்இடம் பேசுகிறது. எண்கள் ஒருவழியாய் அடங்கி நின்றன. அந்த நேரம் பார்த்து அத்தை, தேநீர்க் குடுவையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். நான்கு தராசுகளிலும் எண்கள் நகர்ந்தன! ஒரு டன் இரும்புக்கு ஒரு குடுவைத் தேநீர் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது! நான் சிலிர்த்துப் போனேன்.

"அத்தை, அசையாதீங்க" என்றேன்.

"மூச்சு விடலாமா, மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

கடைசிப் போட்டி வந்தது, அந்த வண்டியை நான் முதன்முதலாய் ஓட்டும் நாளும் அதுவே. விண்ணப்பத்தில் 'இரண்டாம் ஓட்டுநர்' என்று ஒரு கட்டம் காலியாய் இருந்தது. ஒரு படிவத்தையாவது முழுதாய் நிரப்புவோமே என்ற வீம்பில் அத்தையின் பெயரை எழுதினேன். காலையில் பாதையை நடந்து பார்க்கும்போது அவரும் குடை பிடித்துக்கொண்டு கூடவே மூன்று சுற்று நடந்தார். பழைய பேருந்துப் பழக்கம், ஒவ்வொரு திருப்பத்துக்கும் நிறுத்தத்தின் பெயர் வைத்தார். இது பல் டாக்டர் வீடு, இது பெட்ரோல் பங்க், இது எப்போதும் தாமதமாய் வரும் இரட்டைப் பிள்ளைகள் வீடு.

என் மூன்று ஓட்டங்களைச் சொல்லட்டுமா? வேண்டாம் என்கிறீர்கள், நீங்கள்தான் பார்த்தீர்களே! முதல் ஓட்டம் அறுபத்து நான்கு விநாடி, இரண்டு கூம்புகள் பலி. இரண்டாவதில் வண்டி சுழன்று, வந்த வழியையே பார்த்து நின்றது. மூன்றாவதில் பாதையையே தவறவிட்டேன். இடப்பக்கம் திருப்பினால் பணிகிறது, வலப்பக்கம் திருப்பினால் முரண்டு பிடிக்கிறது. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது, இருக்கை இடுப்பைப் பிடித்துக் கசக்குகிறது. பந்தய வண்டி என்றால் இப்படித்தான் இறுக்கும் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி, "வித்துடலாம்" என்றேன். என் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்போது ஒலிபெருக்கி அழைத்தது: அதே வண்டி, இரண்டாம் ஓட்டுநர்.

நான் பதறிப்போய், சும்மா எழுதியதுதான், வர வேண்டாம் என்றேன். அத்தை கைப்பையை மகளிடம் கொடுத்தார். "பேரைக் கூப்பிட்டுட்டாங்க மாப்பிள்ளை. போகலைன்னா மரியாதையா இருக்காது" என்றார்.

அமர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்யக் குனிந்தேன், சரியாக இருந்தது. கிளட்ச் எட்டுகிறதா என்று பார்த்தேன், எட்டியது. முழங்கைக்கு இடம், முதுகுக்கு இடம், எல்லாம் அளந்து தைத்த சட்டை மாதிரி! அங்கேயே உறைந்து நின்றேன். நான் தொண்ணூற்றிரண்டு கிலோ. அத்தை நாற்பத்தொன்பது. தராசில் இருந்தது யார்? கிளட்ச் எட்டிய கால் யாருடையது? ஸ்டீயரிங் இறங்கியது யாருடைய கைக்காக? ஊரிலுள்ள லிஃப்டுக்கெல்லாம் 'எட்டுப் பேர்' என்று எடை எழுதி ஒட்டுகிறவன், தன் வண்டியில் தன்னையே கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறேன்! ஆறு ஆண்டுகளாய் எனக்கென்று நினைத்து, திருகுக்குத் திருகு அவருக்கே கட்டியிருக்கிறேன்.

முதல் ஓட்டம் அறுபத்திரண்டு. இரண்டாவது அறுபது புள்ளி நான்கு. மிச்சம் ஒன்று. கிளம்பும் முன் இரு பக்கக் கண்ணாடியையும் பார்த்தார். பின்னால் பிள்ளைகள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார் போல. கிளம்பினார்.

டயர் அலறியதா? இல்லை. புழுதி பறந்ததா? இல்லை. கூம்பு ஒன்றாவது அசைந்ததா? இல்லை! பல் டாக்டர் வீடு கடந்தது, பெட்ரோல் பங்க் கடந்தது, இரட்டைப் பிள்ளைகள் வீட்டுத் திருப்பத்தில் வண்டி ஒரு பெருமூச்சுபோல் சாய்ந்து நிமிர்ந்தது. இருபத்தாறு ஆண்டுகள் நிற்கும் பிள்ளை ஒன்றுகூட விழாமல் ஓட்டிய கையல்லவா அது! வேகம் இவ்வளவு அமைதியாய் இருக்குமென்று அன்றுதான் அறிந்தேன். என் கண்ணால் கண்டேன், இன்றும் நம்ப முடியவில்லை.

ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

கைதட்டுங்கள், எனக்கன்று, மூன்றாம் வரிசைக்கு! அத்தை, எழுந்திருக்க வேண்டாம், அவர்களே எழுந்துவிட்டார்கள்.

அன்று எல்லாரும் ஓடிவந்தோம். அவர் இயந்திரத்தை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, பொறுமையாய் இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, வண்டி முடிஞ்சிருச்சு" என்றார்.

நான் செய்த எதையும் பார்த்து ஒருவரும் சொல்லாத வார்த்தை அது. நடு மைதானத்தில் நின்று அழுதேன், வெட்கமில்லை எனக்கு. முடிந்த வண்டிக்குக் கொட்டகை எதற்கு? அது இப்போது வாசலில் நிற்கிறது. கொட்டகையில் திங்கள்கிழமை முதல் தையல் வகுப்பு. நானே துடைத்து வெள்ளையடித்தேன், நான்கு சுவருக்கும்.

தலைவர் மணியடிக்கக் கையைக் கொண்டுபோகிறார். பொறுங்கள் ஐயா, இதைப் பாதியில் விடமாட்டேன். இடம் தந்த அத்தைக்கும், சொல் தந்த மனைவிக்கும், செவி தந்த உங்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. என் பேச்சு முடிந்துவிட்டது. முழுதாய் முடித்தவன் சொல்கிறேன், வணக்கம்.