பிரஷர் மாத்திரை

ஹலோ... ஹலோ... ஹரியா? ... அக்காதாம்ப்பா, தங்கச்செல்வி. ... ஆமா, ஆமா, அருப்புக்கோட்டை பஸ்ஸ்டாண்டு பூத்துல இருந்து. ... நல்லா இருக்கேனாவா? நீ மொதல்ல அந்த எலியக் கீழ வச்சுட்டுப் பேசு. ... கையில இல்லயா? சரி சரி. எப்பப் போன் பண்ணாலும் ஆராய்ச்சிக்கூடத்துல எலிகூடத்தானே இருக்கேங்கிற.

... ஒங்க மச்சானா? கூடத்தான் வந்துருக்காக. வெளிய பெஞ்சுல ஒக்காந்துருக்காக. கஸ்தூரி கலியாணத்துக்குப் பத்திரிகை அடிக்கணும்னு சொல்லித்தான் திருச்சுழியில இருந்து கெளப்பிக் கூட்டியாந்தேன். அச்சாபீசுல மஞ்ச அட்டையா, ரோசு அட்டையான்னு கேட்டா, 'எதுனாலும் சரி'ன்னு சுவத்தப் பாத்துச் சொல்றாக. ஒத்த மக கலியாணம், ஹரி!

... இல்ல. ... இல்லப்பா, அதச் சொல்லத்தான் போன் பண்ணேன். மாத்திரைய நிப்பாட்டியாச்சு. ... கத்தாத. கத்தாதங்கேன்ல. நான் நிப்பாட்டல. ... அவுகளே நிப்பாட்டிட்டாக. ... கேளு. நீ இந்தக் கத்துக் கத்துனா நான் எப்படிச் சொல்ல?

காரியாபட்டிக்குக் காதுகுத்துன்னு போனோமா... ஆமா, சம்பந்தக்காரவுகளும் வந்துருந்தாக, மாப்பிள்ளையோட அப்பாவும் அம்மாவும். பந்தியில சாப்பிட்டுட்டு எந்திரிச்சாக பாரு, எந்திரிச்ச வேகத்துல கண்ணு இருட்டி எலை மேலயே சாஞ்சுட்டாக. ... ஆங்? ... மாத்திரைனாலதானா? எந்திரிக்கையில கிறுகிறுக்க வைக்குமா அது? ... மெதுவா எந்திரிக்கணும்னு அந்த மதுர டாக்டரு சொல்லவே இல்லயேப்பா. ... சொன்னாரா? சொல்லியிருப்பாரு. எனக்கு எங்க காதுல ஏறுச்சு? அந்த டாக்டரு போர்டப் பாத்ததுல இருந்து, நம்மூர் ஆளுக எவனும் பாத்துருவானோன்னு முக்காடு போட்டுல்ல ஒக்காந்துருந்தேன்.

... ம்... ம். அந்த விசேச வீட்டுல ஒரு கம்பவுண்டர் இருந்தாரு. ஓடியாந்து கையில பட்டையச் சுத்திப் பாத்துட்டு, 'என்னம்மா, பிரஷர் இம்புட்டு எறங்கிக் கெடக்கு, என்ன மாத்திரை சாப்பிடுறாரு'ன்னாரு. இவுக படுத்தமேனிக்கே, 'பிரஷர் மாத்திரை'ன்னாக. ... பெறகு? நாமதானே அப்படிச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தோம். அவுகளுக்கு என்ன தெரியும்? ... அவுக அண்ணன் சொன்ன ரோசனைதான் அது. மனசுக்கு மாத்திரைன்னு தெரிஞ்சா தம்பி ஒடைஞ்சு போயிருவான், ஊருக்குத் தெரிஞ்சா பிள்ளைக்குச் சம்பந்தம் ஒடைஞ்சு போயிரும்னாக. நானும் சரின்னேன். நீயும்தான் சரின்ன. ... சரி, நீ சரிங்கல. சும்மா இருந்த.

அம்புட்டுத்தான். 'எறங்குன பிரஷருக்கு எவன்யா பிரஷர் மாத்திரை குடுத்தது, இன்னையோட நிப்பாட்டு'ன்னுட்டாரு கம்பவுண்டரு. ... நான் என்னன்னு சொல்ல, ஹரி? சம்பந்தியம்மா பக்கத்துல ஒக்காந்து இவுகளுக்கு விசிறிக்கிட்டு இருக்காக. 'நல்லவேள, வெறும் பிரஷருதான்'னு அந்தம்மா நெஞ்சுல கை வச்சுக்கிருது. அந்த எடத்துல நான் வாயத் தொறந்து, இல்ல தாயி, எங்க வீட்டுக்காரரு பொழுதுக்கும் படுத்துக்கெடந்து, நான் எதுக்கு இருக்கேன் எதுக்கு இருக்கேன்னு கேட்டாரு, அதுக்குக் குடுக்குற மாத்திரைன்னு சொல்லச் சொல்றியா?

... வீட்டுக்கு வந்து கெஞ்சிப் பாத்தேன். ... 'நிப்பாட்டச் சொன்னத எதுக்குத் திங்கணும்'னு கேக்குறாக. நியாயமாத்தானே கேக்குறாக. மோருல பொடிச்சுக் கலந்தேன். கசக்குதுன்னு முத்தத்துல கொட்டிட்டாக.

நல்லா ஆகிக்கிட்டு வந்தாகப்பா. அதான் எனக்கு ஆற மாட்டேங்குது. காதுகுத்துக்குக் கொஞ்சம் முன்னால, சட்னியில உப்பு கூடிப்போச்சுன்னு என்னையத் திட்டுனாக. எத்தன காலம் கழிச்சு! அடுப்படியில போயி நின்னு அழுதேன், சந்தோசத்துல. அன்னைக்கே நூல் கடைக்கும் போனாக. வந்த நூலக் கையில தேச்சுப் பாத்து, இது மட்டம், திருப்பி ஏத்துன்னு சத்தம் போட்டாகளாம். தறிக்காரவுக எல்லாம், மொதலாளி பழையபடி வந்துட்டாருன்னு எங்கிட்டயே வந்து சொன்னாக. ... ஆமா. ... ஆமா, அப்பத்தான் மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சுருக்கும்ங்கிற. ... எனக்குத் தெரியாதா? எதுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லி வயித்தெரிச்சலக் கெளப்புற?

... இப்பவா? பழையபடிதான். பழையதுக்கும் கீழ. கடைச் சாவிய அண்ணங்கிட்டக் குடுத்துட்டாக. குளிக்கச் சொன்னாக் குளிக்கிறாக, சொல்லாட்டி இல்ல.

சரி, இங்க பாரு. போன தடவ வந்தப்பச் சொன்னியே. ரொம்ப நாளு சங்கடத்துலயே கெடந்தா மூளையில நரம்புக் கெளையெல்லாம் சுருங்கிப் போகும், அதச் சுருங்க விடாமக் காக்குறதுக்கு ஒரு மருந்து பாத்துக்கிட்டு இருக்கோம்னு. எலியத் தண்ணித் தொட்டியில விட்டா கொஞ்ச நேரம் நீந்திட்டு, இனிமே ஆகாதுன்னு சும்மா மெதக்கும், மருந்து குடுத்த எலி மட்டும் விடாம நீந்தும்னியே. அந்த மருந்துல கொஞ்சம் அனுப்பு. ... ஏன் முடியாது? ... எலிக்குக் குடுக்குறீகல்ல? எலிக்குக் கெடைக்கிறது எம்புருசனுக்குக் கெடைக்கக் கூடாதா? ... எத்தன வருசம்? ... பத்து வருசமா! ... அப்பவும் மனுசனுக்குக் கேக்குமாங்கிறது சந்தேகமா? ... ம். ... ம்.

... சரி, அந்த நீந்துன எலி நல்லா இருக்கா? ... என்னது? ... கொன்னாத்தான் மூளையப் பாக்க முடியுமா? ... அட போடா. ... போடா, பொழச்சதையும் கொல்லுவீகளா?

... இல்ல, கோவமில்ல. சொல்லு. ... ம், அந்தப் பழைய மாத்திரையவே திரும்ப ஆரம்பிக்கணும். ... திரும்ப அத்தன வாரமா? விட்ட எடத்துல இருந்து பிடிச்சுக்கிறாதா? ... மொதல்ல இருந்தா? ... அதுக்குள்ள கலியாணம் வந்துருமேப்பா. ... உடனே கேக்குற மாதிரி ஒண்ணு, ஊசி, டானிக்கு... ... கரண்டா? தலையிலயா? ... ஆஸ்பத்திரியில படுக்க வச்சா? பொண்ணோட அப்பாவக் கலியாண வீட்டுல இருந்து எங்கன்னு சொல்லிப்பா கூட்டிட்டுப் போக? வேற சொல்லு. ... வேற இல்லயா. இம்புட்டுப் படிச்சு, இத்தன எலியக் கொன்னு, வேற இல்லயா.

... என்ன சொல்லணும்? ... அவுககிட்டயா? இது பிரஷர் மாத்திரையே இல்ல, மனசு சரியில்லாததுக்குக் குடுத்தது, நாங்கதான் மறைச்சோம்னா? ... என்னால முடியாது. ... நீ வேணும்னா வந்து சொல்லு. ... சொன்னாத்தான் திம்பாகங்கிறது எனக்கும் தெரியுது, ஆனா...

ஐயோ. ... ஹரி, இரு. ... பின்னாலயே நிக்கிறாகப்பா. புழுக்கத்துல கதவத் தொறந்து போட்டுட்டுல்ல பேசுறேன்...

ஏங்க, எப்ப வந்தீக? ... இல்லங்க, தம்பி சும்மா... ... ம். ... ஆமாங்க. ... ஆமா, பிரஷருக்கு இல்ல. ... எல்லாரும் சேந்துதான் அப்படிச் சொன்னோம். ... இல்ல, சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. ... கஸ்தூரிக்கும் தெரியாது. சாமி சத்தியமா.

ஹரி, திட்டக்கூட இல்லப்பா. சம்பந்தி வீட்டுக்குத் தெரியுமான்னுதான் மொதல்ல கேக்குறாக. ... இந்தாங்க, தம்பிகிட்டப் பேசுங்க. ஒரு வார்த்த. ... வாங்க மாட்டேங்கிறாக.

என்னங்க? ... என்ன சொல்லணும்? ... ஹரி, ஒங்கிட்டச் சொல்லச் சொல்றாக. மாத்திரையத் திரும்பத் தின்னா மணவறைக்கு முன்னால கிறுகிறுத்து விழுந்துருவாகளாம். விழுந்தா என்ன ஏதுன்னு நாலு பேரு கேப்பாக, வெவரம் தெரிஞ்சவன் எவனாச்சும் கண்டுபிடிச்சுருவான், பிள்ள வாழ்க்க போயிருங்கிறாக. வேண்டாமாம். ... தாலி ஏறுற வரைக்கும் எப்படியும் இருந்துருவேன், ஒந்தம்பியக் கவலப்படாம இருக்கச் சொல்லுங்கிறாக.

அதுக்கப்புறம்? ... ஏங்க, தாலி ஏறுனதுக்கப்புறம்? ... எங்க போறீக? பதில் சொல்லிட்டுப் போங்க. ... ஏங்க...

போறாகப்பா. ... திருச்சுழி பஸ்ஸுல ஏறிட்டாக. ... துண்டப் போட்டு எனக்கும் எடம் பிடிச்சு வச்சுருக்காக. ஜன்னல் வழியா என்னையப் பாத்துச் சிரிக்கிறாக, ஹரி. எனக்குப் பயமா இருக்கு. ... நீ ஏதாச்சும் சொல்லேன். ... ஹலோ? ... ஏலே, நீ எதுக்குடா அழுகுற? நீயே அழுதா நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது? ... டிரைவரு ஏறிட்டான். அவுகளத் தனியா விட முடியாது. வைக்கிறேன்.