பாஸ் ஆர், பொஸ் ஆர்

ஷெரோமி: ...ஏழு தசம் ஒண்டு.

பேர்னாட்: பத்து நிமிசத்துக்கு முந்தி ஆறே முக்கால்தானே இருந்தது?

ஷெரோமி: ஓம் சேர். எட்டுப் பாகையைத் தாண்டினா குளிரறைக்குள்ள கிடக்கிற இன்சுலின் முழுக்கக் குப்பைக்குத்தான். நாலு ஆஸ்பத்திரிக்குப் போற மருந்து. நீங்கள் இன்னும் கொம்பிரசர் பக்கம் கூடப் போகேல்ல...

பேர்னாட்: சேர்விஸ்காரருக்கு அடிச்சாச்சு. வருவாங்கள்.

ஷெரோமி: பேலியகொடையில வெள்ளத்துக்க நிக்கிறாங்கள். ரெண்டு மணித்தியாலம் செல்லுமாம்.

பேர்னாட்: அப்ப உம்மட சிஸ்டத்தில தேடிப் பாரும். கொம்பனியில ஆருக்கு என்ன தெரியும் எண்டு கண்டுபிடிக்கத்தானே அதைச் செய்தனீர்?

ஷெரோமி: தேடினன்.

பேர்னாட்: என்ன சொல்லுது?

ஷெரோமி: உங்கட பேரைத்தான் சொல்லுது. "கொம்பிரசர் பழுது. பேர்னாட், ஸ்டோர் மனேஜர். நாப்பத்தொரு தரம் திருத்தியிருக்கிறார்."

பேர்னாட்: வேற ஆரும்...?

ஷெரோமி: ரெண்டாவது பேரே இல்லை. எல்லாற்ற ரிப்போர்ட், ஈமெயில், லொக் புக் எல்லாத்தையும் வாசிச்சு, ஒரே கருத்துள்ள சொல்லுகளை ஒண்டாச் சேர்த்து, பேரோட கோர்த்துத்தான் அது சொல்லுது. டிரெக்டரே மீட்டிங்கில உங்களுக்குக் கை தட்டினவர். எழும்புங்கோ. ஸ்பானர் எடுத்துத் தரட்டே?

பேர்னாட்: பகிடி விடாதேயும்!

ஷெரோமி: ஏழு தசம் ரெண்டு.

பேர்னாட்: எனக்குத் தெரியாது, ஷெரோமி.

ஷெரோமி: என்ன தெரியாது?

பேர்னாட்: அந்த மெசினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சுவிட்ச் எங்க எண்டு மட்டும் தெரியும்.

ஷெரோமி: அப்ப நாப்பத்தொரு தரம் திருத்தினது?

பேர்னாட்: லொக் புக் எழுதிறது ஆர்? செக்கியூரிட்டி பலீல். இங்கிலீஸ் எழுத்தில என்ன எழுதிறவர்? "பாஸ் வந்தார், மெசின் திருத்தினார்." ஒவ்வொரு தரமும் அதுதான்.

ஷெரோமி: பாஸ்...

பேர்னாட்: கைவேலை தெரிஞ்ச ஆக்களை மேசன் பாஸ், கராஜ் பாஸ் எண்டு சொல்லுறேல்லையா? அப்பிடித்தான் இஞ்ச மெசின் திருத்தின எங்கட இராமர் பாஸ். உம்மட சிஸ்டம் அதைப் பொஸ் எண்டு எடுத்திட்டுது. பொஸ் எண்டா மனேஜர். மனேஜர் எண்டா நான்.

ஷெரோமி: "இது நீங்கள்தானா?" எண்டு சிஸ்டம் உங்களிட்டக் கேட்டதே! நீங்கள் "ஓம்" எண்டு அமத்தியிருக்கிறீங்கள்!

பேர்னாட்: அமத்தினன்... ஆள் குறைக்கிற நேரம். ஒண்டும் தெரியாத ஆள் எண்டு என்ட பேர் வந்திருந்தா? ரெண்டு பிள்ளையள் படிக்குதுகள். பயந்திட்டன். போதுமே?

ஷெரோமி: உங்கட பயத்துக்கு இராமர் அண்ணன்ட வேலை போச்சு. அவற்ற பேருக்கு நேர ஒண்டுமே இல்லை எண்டுதானே மார்ச் மாசம் வீட்ட அனுப்பினவை. வெக்கமா இல்லையா, சேர்?

பேர்னாட்: கத்தாதேயும், வெளியில ஆக்கள்...

ஷெரோமி: ஏழு தசம் நாலு! அவருக்குக் கோல் எடுங்கோ.

பேர்னாட்: எந்த முகத்தோட...

ஷெரோமி: போனில முகம் தெரியாது. எடுங்கோ. ஸ்பீக்கரில போடுங்கோ!

இராமர்: அலோ?

பேர்னாட்: இராமர் பாஸ்... நான் பேர்னாட். எங்க நிக்கிறீங்கள்?

இராமர்: சேருங்களா! முகத்துவாரத்துலதாங்க. மீன் கடையில ஐஸ் ஒடைக்கிறேன். என்னா விசயம்?

பேர்னாட்: கொம்பிரசர் ஒரு நிமிசம் ஓடுது, பிறகு தானா நிண்டு போகுது. உள்ளுக்க இன்சுலின்...

இராமர்: ஓட விட்டுட்டு போனை மெசின் கிட்ட புடிங்க. இன்னும் கிட்ட... ம்... போதும். காலையில அங்க மழையா?

பேர்னாட்: ஓம், நல்ல மழை. ஏன்?

இராமர்: மழைன்னா பைப்புல கலங்கத் தண்ணி வரும். மெசினைக் குளுத்துற தண்ணிக்கு ஒரு வலை இருக்கு, அது அடைச்சிருக்கும். டேங்குக்குப் பின்னால பித்தளை மூடி. தெரியுதுங்களா?

ஷெரோமி: பொறுங்கோ... ஓம், இருக்குது!

இராமர்: மொதல்ல மெயின் சுவிட்சை நிப்பாட்டுங்க. மூடிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற வால்வைப் பூட்டுங்க. அப்பறமா கழட்டுங்க.

பேர்னாட்: கழருதே இல்லை...

இராமர்: எடப்பக்கம், சேர். எடப்பக்கம் திருப்புங்க.

ஷெரோமி: ஏழு தசம் ஏழு!

பேர்னாட்: வந்திட்டுது... ஐயோ, முழுக்கச் சேறு!

இராமர்: வலையக் கழுவி மாட்டுங்க. மூடியை இறுக்கி வால்வைத் தொறங்க. சுவிட்சைப் போட்டுட்டு, செவப்புப் பொத்தானை அமத்துங்க... யாரும் பேசாதீங்க, சத்தத்தைக் கேப்பம்... ம். ஒரு நிமிசம் தாண்டிருச்சு. இனி நிக்காது.

ஷெரோமி: ஏழு தசம் எட்டு... அதிலேயே நிக்குது... ஏழு தசம் ஏழு! இறங்குது சேர், இறங்குது!

பேர்னாட்: மாதாவே...! இராமர் பாஸ், நாளைக்கே டிரெக்டரிட்டப் போறன். நாப்பத்தொண்டும் நீங்கள் செய்தது, நான்தான் பொய் சொன்னனான் எண்டு என்ட வாயாலேயே சொல்லுறன்.

இராமர்: நீங்க மட்டும் எதுக்குங்க சேர் பழியச் சொமக்கிறீங்க?

பேர்னாட்: பின்ன? வேற ஆருக்குத் தெரியும் இது?

ஷெரோமி: சேர்... போனை வையுங்கோ. அவருக்கு வேலை கிடக்கும்.

இராமர்: வேலை கெடக்கட்டும் தங்கச்சி. சேர், யாருக்கு என்னா தெரியும்னு சிஸ்டம் சொன்ன லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டுன அன்னைக்கே நான் இந்தத் தங்கச்சி மேசைக்குப் போயி, "பலீல் நானா எழுதுன பாஸ் நான்தாம்மா"ன்னு சொன்னேன். "டிரெக்டர் பார்த்துட்டாரு, இப்ப பிழைன்னு சொன்னா என்னைய வேலையில நிரந்தரமாக்க மாட்டாங்க, ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே"ன்னு அழுதுச்சு... என்னைய வீட்டுக்கு அனுப்புன பின்னாடியும் நான் யாருகிட்டயும் சொல்லலீங்க.