கேட்டைத் திறக்கச் சொன்ன குரல்

அன்று மேடையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். "திறங்கண்ணே, நம்ம வீட்டு வண்டிதான்" என்று எங்கள் குடியிருப்பின் கேட் காவலரிடம் சொன்னது நான். எனக்கு ஆபீசுக்கு நேரமாகியிருந்தது. மூன்று பேர் தள்ளிக்கொண்டு வந்த ஒரு கார் கேட்டருகே வழியை அடைத்து நின்றது. தள்ளியவர்கள் குனிந்திருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கார் களவு போன விசாரணையில் காவலர், "காலை நேரம் சார், யாரோ சொன்னாங்க, நினைப்பில்லை" என்று சொல்லிவிட்டார். அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. அவரை வேலையில் வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்று முடிவு செய்யக் குடியிருப்பினர் கூடிய நாளில், வாகனப் பாதுகாப்பு பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். பேசியது இது.

எட்டு ஆண்டுகளாக நம் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் தகராறுகளுக்கும் மூடி தேடிக் களைத்துப்போன தலைவர் அவர்களே! நாங்கள் இருமினாலும் குறிப்பெடுக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு வீற்றிருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா, இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் படிக்கட்டில் நிற்கும் இளையோரே! உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நிற்கும் காவலர் அண்ணன் அவர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

கார் என்பது என்ன? இரும்பா? ரப்பரா? கண்ணாடியா? காய்ச்சலில் துவண்ட பிள்ளையைக் கிடத்திக்கொண்டு ஓடிய கட்டில் அது. வீட்டில் அழ முடியாதவர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் துடைத்து மேலே வந்த அறை அது. அது களவு போகும்போது களவு போவது வண்டி மட்டும்தானா?

சென்ற மழைக்காலத்தில் நம் மூன்றாம் மாடிக் கணக்கு டீச்சர், கடைவாசலில் காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே போனார். வந்து பார்த்தால் கண்ணாடி இல்லை; பின் இருக்கையில் வைத்த பை இல்லை. இரண்டு தெரு தள்ளிப் பை கிடைத்தது. உள்ளே நாற்பத்திரண்டு விடைத்தாள்கள், ஒன்றுகூடக் குறையாமல்! திருடனுக்கும் கணக்கு பிடிக்கவில்லை போலிருக்கிறது. என்னை முறைக்காதீர்கள் டீச்சர், நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஆனால் டீச்சர் இன்றும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். உடைந்த கண்ணாடியை ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். உடைந்த நிம்மதியை எந்தப் பட்டறையில் மாற்றுவது?

கண்ணாடிக்குப் பின்னால் பை தெரிந்தால், திருடனுக்கு அது கடை அலமாரி. பையை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மாற்றுச் சாவியை டாஷ்போர்டுக்குள் ஒளிக்காதீர்கள்; நீங்கள் ஒளிக்கும் இடத்தில்தான் அவனும் முதலில் தேடுவான். ரிமோட்டை அழுத்திவிட்டு நடக்காதீர்கள். கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா என்கிறீர்களா? தெரியும். தெரிந்தும் நாம் செய்தது என்ன?

பதினெட்டு கார் நிற்க வேண்டிய நம் தரைத்தளத்தில் முப்பத்தொன்று நிற்கின்றன. பின்னால் நிற்பது வெளியேற, முன்னால் நிற்பதைத் தள்ளியாக வேண்டும். அதற்காக நாமே ஒரு வழக்கம் வகுத்தோம். முன்வரிசைக்காரர் கியரை நியூட்ரலில் விட வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். கதவைப் பூட்டக் கூடாது. பூட்டியவரை என்ன கேட்டோம்? "ஏன் சார், உள்ளே புதையலா வச்சிருக்கீங்க?" என்று கேட்டோம். பூட்டுவதைப் பண்பற்ற செயலாக்கியவர்கள் நாம். யார் தள்ளச் சொன்னாலும், யாருடைய வண்டி என்று கேளாமல் தோள் கொடுக்கப் பழகியவர்கள் நாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால். இருட்டில்லை, மறைவில்லை, முப்பது பேர் நடமாடும் முழு வெளிச்சம். நீலச் சட்டை போட்ட ஒருவன், கையை அழுக்குத் துணியில் துடைத்தபடி வந்தான். பல்செட் செய்து தரும் நம் பல்லய்யாவின் காரைத் தனியாகத் தள்ளிப் பார்த்தான். மூச்சு வாங்கினான்.

"சார், கொஞ்சம் கை குடுங்க. ஸ்டார்ட் ஆகல. வெளியே இழுக்கிற வண்டி நிக்குது."

"பல்லய்யாவா வரச் சொன்னாரு?"

"ஆமா சார். மேல குளிச்சிட்டிருக்காரு."

"அப்பாடா! இன்னைக்காவது எனக்கு வழி கிடைச்சுதே. தள்ளுங்கப்பா!"

தள்ளியவர்கள் மூவர். ஒருவர் வங்கி ஊழியர். ஒருவர் மருந்துக்கடைக்காரர். மூன்றாமவர் நம் தலைவர்! ஆம் என்று தலையாட்டுகிறார். அந்த நேர்மைக்கு நன்றி ஐயா. உலகத்தில் எந்தத் திருடனுக்காவது ஒரு சங்கத் தலைவர் வேர்த்து விறுவிறுக்கத் தோள் கொடுத்ததுண்டா?

அந்தக் காரின் டிக்கியில் பதினான்கு பேருடைய பல்செட்டுகள் இருந்தன. சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், நம்மிடம் பல் இருக்கிறது. அந்தப் பதினான்கு பேர் மூன்று வாரமாக மென்று தின்ன வழியில்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார்கள்.

பின்வரிசையில் ஒரு ஐயா கேட்கிறார், "கேட்டைத் திறந்தது இவருதானேம்மா? வெளியாள்கிட்ட பாஸ் கேட்கணுமா இல்லையா?" என்று.

கேட்டார் ஐயா! "பாஸ் எங்க தம்பி? இரு, மேல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று போனைக் கையில் எடுத்தார். நம் குடியிருப்பு முழுவதிலும் அன்று காலை சந்தேகப்பட்ட ஒரே மனிதர் அவர்தான். அப்போது ஒரு குரல், நம்மில் ஒருவருடைய குரல், "திறங்கண்ணே, நம்ம வீட்டு வண்டிதான்" என்றது. எடுத்த போனை வைத்தார். திறந்தார். வீட்டுக்காரர் சொல்லைத் தட்டினால் "காவலுக்கு வந்தவன் எங்களையே கேள்வி கேட்கிறான்" என்று புகார் எழுதியிருப்போம். சொல்லைக் கேட்டார், இன்று அதற்கும் விசாரணை. அவர் எந்தப் பக்கம் நிற்பது? எப்படி நிற்பது?

யார் அந்த ஆள், பெயரைச் சொல் என்கிறீர்கள். பெயரா? பெயரைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம்? அவசரத்தில் பிறந்த அந்தக் குரல் உங்களுடையதாக இருந்திருக்கலாம், என்னுடையதாகவும் இருந்திருக்கலாம். வேண்டாம், கைதட்டாதீர்கள். இது கைதட்டும் இடம் இல்லை.

நான் கேட்பது இரண்டே. நாளை முதல் ஒவ்வொரு காரும் பூட்டப்படட்டும். வழி வேண்டுமானால் மணியடித்து, மாடியேறி, மனிதரைக் கூப்பிடுவோம். தாமதமாகட்டும், தாமதத்தால் எந்த வீடும் இடிந்துவிடாது. இரண்டாவது, நாம் பிறப்பித்த வழக்கத்துக்கு, நாம் தள்ளிய வண்டிக்கு, நம் குரல் திறந்த கேட்டுக்கு, இந்த ஒரு மனிதரைப் பலி கொடுக்காதீர்கள். பூட்டில்லாத கதவால் ஒரு காரை இழந்தோம். இரக்கமில்லாத முடிவால் நம் மனச்சாட்சியையும் இழக்க வேண்டாம். அதைத் தேடித்தரச் சொல்லி எந்தக் காவல் நிலையத்திலும் எழுதிக்கொடுக்க முடியாது.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், எழுந்து போக நினைத்தும் போகாத தாய்மாருக்கும் நன்றி சொல்லி, மீண்டும் ஒருமுறை கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.

கைதட்டல் அடங்கியதும் கை தூக்கச் சொன்னார்கள். நீக்க வேண்டும் என்று இருபத்தொரு கைகள்; வேண்டாம் என்று ஒன்பது. என் கை அந்த ஒன்பதில் ஒன்று. மறுநாள் காலை காவலர் அண்ணன் தன் சீருடையை மடித்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கார் கிடைக்கவில்லை.