கால் சுற்று

எங்கள் பட்டறையில் எழுதி ஒட்டாத விதி ஒன்று உண்டு: வாயு வால்வைத் திறந்தவரே மூட வேண்டும். பற்றவைப்பின் நடுவே அடுத்தவர் மூடி, உலோகத்தைக் காக்கும் ஆர்கான் வாயு நின்றுபோனால், இணைப்பின் பின்பக்கம் கருகிவிடும். ஒரு நாள் உழைப்பு பாழ். பதினெட்டு ஆண்டுகளில் அந்த விதியை நான் ஒரு முறையும் மீறியதில்லை. ஐயா இதை முதலில் குறித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

நான் டிக் வெல்டர், டங்ஸ்டன் கம்பியின் மின்வில்லால் உலோகத்தை உருக்கி இணைப்பவன். என் தங்கையின் கணவர் பிளாஸ்மா இயந்திரத்தோடு வந்தவர். அவர்மேல் எனக்குப் பொறாமை என்பவர்கள் இரு முறைகளையும் அறியாதவர்கள். பிளாஸ்மாவே மேல் என்று முதலாளியிடம் முதலில் சொன்னவன் நான்தான். டிக்கில் மின்வில் குடைபோல் விரியும். பிளாஸ்மாவில் செம்பு முனையின் சிறு துளை அதை ஊசியாக்கிவிடும். எட்டு மில்லிமீட்டர் தகட்டில், நான் விளிம்பைச் சரித்துச் சீவி மூன்று முறை ஓட்டி முடிப்பதை அவர் ஒரே முறையில் முடித்தார். தகடு நெளியவில்லை. டங்ஸ்டன் கம்பி அந்தச் செம்பு முனைக்குள் ஒளிந்திருப்பதால் உருகிய உலோகத்தைத் தொட்டுக் கெடுக்காது. இடைவெளி சற்றுக் கூடிக் குறைந்தாலும் வில் கலையாது. என் கை அந்த ஆண்டுதான் நடுங்கத் தொடங்கியிருந்தது. அதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

“மச்சான், இனிமே நீங்க குடை புடிங்க, நான் ஊசி போடுறேன்,” என்றார், எல்லோர் முன்னிலும்.

பட்டறை சிரித்தது. “மாப்பிள்ளை ஊசி போட்டா வலிக்காதுப்பா,” என்று நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவருக்கு ஊசிக்காரர் என்றே பெயர். மறுநாள் முதலாளி என் வெல்டிங் டார்ச்சைக் கழற்றச் சொல்லி, தேய்ப்பு இயந்திரத்தைக் கையில் கொடுத்தார். ஊசிக்காரர் போடும் இணைப்புகளை நான் மெருகிட வேண்டும்.

சம்பவத்தன்று வேலைக்கு வந்திருந்த எஃகுத் தொட்டி ஆளுயரம். ஊசிக்காரர் உள்ளே ஆர்கானை நிரப்பி வெளியிலிருந்து பற்றவைத்தார். முடிந்ததும் வால்வை மூடினார், விசிறி வைத்து உள்ளே காற்றை மாற்றினார், பிறகு தேநீர் குடிக்கப் போனார். எல்லாம் முறைப்படி. அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அவர் தலை மறைந்ததும் விசிறியை நிறுத்தி, வால்வைக் கால் சுற்று திறந்தேன். விதி மூடுவதைப் பற்றியது. திறப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்கானுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தண்ணீர்போல் தேங்கும்; அங்கே மூச்சுக்குக் காற்று இராது. அரை மணி கழித்துத் திரும்பியவர் வால்வைப் பார்க்கவே இல்லை. தாம் மூடியதில் இன்னொரு கை படும் என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை. இணைப்பின் உட்புறத்தைப் பார்க்க விளக்கோடு இறங்கினார். விளக்கு ஒரு முறை உருண்ட சத்தம் கேட்டது.

நான் மெருகிட்டுக்கொண்டிருந்தேன். இருவர் அவ்வழியே வந்தார்கள். அளவுமானியின் முள் எழுந்திருப்பதைக் கண்டு, “ஊசிக்காரர் கேஸ் ஓடுது, தொட்டுறாத,” என்று விலகிப் போனார்கள். விதிப்படி அதை மூடும் உரிமை எனக்கு மட்டுமே இருந்தது. மூடியிருக்கலாம். கையில் வேலை இருந்தது.

கிடங்கில் வேலை செய்யும் என் தங்கை அவரைத் தேடி வந்தாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை, நேரே போய் வால்வை இறுக மூடினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மூடிட்டேன்னு சொல்லிட்டுத்தானே அவரு என்கூட டீ குடிச்சாரு, அண்ணே?”

ஐயா, அத்தனை பேர் பார்க்க விதியை மீறியவள் அவள்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.